மரியன் ஆண்டர்சன்: லிங்கன் நினைவிடப் படிக்கட்டுக்கு முன்னும் பின்னும்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் என்றால் எல்லோரும் வாஷிங்டனில் நடந்த 1939 லிங்கன் நினைவிடக் கச்சேரியைத்தான் சொல்கிறார்கள். அதைத் தள்ளி வைத்துப் பார்த்தால் அவர் எப்படிப்பட்ட பாடகி? அவ்வளவு பெரியவர் என்றால் ஓபரா என்ற இசைநாடக மேடையில் ஏன் ஒரே ஒரு வேடம், அதுவும் 57 வயதில்? முதலில் எந்தப் பதிவைக் கேட்பது? இவைதான் கேள்விகள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், ஜெர்மன் கலைப்பாடல்களையும் கறுப்பின மக்களின் பக்திப்பாடல்களையும் ஒரே கச்சேரியில், ஒரே மரியாதையோடு பாடி நிலைநிறுத்தியவர் அவர். குரலும் உழைப்பும் மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டிருந்தால் 1925-லேயே நடந்திருக்க வேண்டியதெல்லாம் பத்து வருடம் தள்ளிப்போயிற்று. ஓபராவோ முப்பது வருடம் தள்ளிப்போயிற்று. 1939 அந்த வாழ்க்கையில் ஒரு நாள். அன்று அங்கே போய் நிற்பதற்கான இசைத் தகுதியை அவர் அதற்கு முன்பே சம்பாதித்திருந்தார்.

முதலில் குரல். அவருடையது கான்ட்ரால்டோ. கான்ட்ரால்டோ என்பது பெண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்தது, அரிதானது. சோப்ரானோவின் ஆட்டம் மேல் ஸ்தாயியில் என்றால் கான்ட்ரால்டோவின் கனம் கீழே. ஓபரா எழுதியவர்கள் காதலியையும் இளவரசியையும் சோப்ரானோவுக்குக் கொடுத்துவிட்டு, கான்ட்ரால்டோவுக்குக் குறிகாரி, கிழவி, தாய், செவிலி என்று ஒதுக்கினார்கள். அதனால் இந்தக் குரல் உள்ளவர்களுக்கு எந்த நிறமானாலும் கச்சேரி மேடையும் தேவாலய இசையும்தான் இயல்பான இடம். ஆண்டர்சனின் ஓபரா வாழ்க்கை குறுகியதற்கு நிறவெறி முதல் காரணம். கான்ட்ரால்டோவுக்கான வேடங்கள் குறைவு என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்தது 1897 பிப்ரவரி 27, தெற்கு ஃபிலடெல்ஃபியாவில். பழைய புத்தகங்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் 1902 என்று பார்ப்பீர்கள். வாழ்நாளில் பெரும்பகுதி புழக்கத்தில் இருந்தது அந்த வருடம்தான், சரியானது 1897. இந்த ஐந்து வருட வித்தியாசம் சின்ன விஷயமில்லை. 1955-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஏறியது 52 வயதுக் குரலா 57 வயதுக் குரலா என்பதைப் பொறுத்து அந்தப் பதிவைக் கேட்கும் விதமே மாறும்.

அப்பா ரீடிங் டெர்மினல் சந்தையில் ஐஸும் நிலக்கரியும் விற்றவர். வேலையிடத்தில் தலையில் அடிபட்டு, மரியனுக்கு 12 வயதாக இருக்கும்போது இறந்துபோனார். அம்மா வர்ஜீனியாவில் ஆசிரியையாக இருந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் அந்தத் தகுதி செல்லாது என்பதால் வீடுகளுக்குத் துணி துவைத்தும் வானமேக்கர் என்ற பெரிய கடையில் தரை துடைத்தும் மூன்று பெண்களை வளர்த்தார். யூனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் சிறுவர் பாடகர் குழுவில் மரியன் ஆறு வயதில் சேர்ந்தாள். குழுவில் யார் வராவிட்டாலும் அந்தப் பகுதியை அவளே பாடுவாள்: பெண்களின் சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களின் டெனர், தேவைப்பட்டால் ஆண்களின் தாழ்ந்த பகுதியான பேஸ் கூட, ஒரு ஸ்தாயி ஏற்றி. நான்கு பகுதிகளையும் காதால் கற்ற இந்தப் பழக்கம்தான் பிற்பாடு ஒரே பாட்டில் நான்கு பாத்திரங்களாக மாறும் திறமைக்கு அடித்தளம் என்பது என் கணிப்பு.

முறையான பயிற்சி தாமதமாகத்தான் கிடைத்தது. நகரத்தில் ஓர் இசைப்பள்ளிக்கு விண்ணப்பப் படிவம் கேட்டு வரிசையில் நின்றபோது, கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்கள். காசு கட்டியது தேவாலயத்து மக்கள். அவள் பெயரிலேயே ஒரு நிதி தொடங்கி, சில்லறை சில்லறையாகச் சேர்த்துத் தனி ஆசிரியர்களிடம் அனுப்பினார்கள். அந்த வழியில்தான் ஜூசப்பே போகெட்டியிடம் போய்ச் சேர்ந்தார். பலவருடம் நீடித்த குரு அவர். முதல் நாள் ‘டீப் ரிவர்’ என்ற கறுப்பின பக்திப்பாடலைப் பாடிக் காட்டியதும் அவர் சேர்த்துக்கொண்டார். உயர்நிலைப் பள்ளியை முடித்தது 1921-ல், 24 வயதில். குடும்ப பாரம் அவ்வளவு.

இயற்கையாகவே பெரிய குரல் அமைந்தவர்களுக்கு வரும் சிக்கல் ஒன்று உண்டு. கீழே நெஞ்சுக்குரல், நடுவில் ஒன்று, மேலே தலைக்குரல் என்று ஒரே தொண்டையில் மூன்று நிறங்கள் இருக்கும். பயிற்சி இல்லையென்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் ஒட்டுப் போட்ட தடம் தெரியும். கான்ட்ரால்டோவுக்கு இந்தத் தடம் மிக வெளிப்படையாகக் கேட்கும், ஏனென்றால் நெஞ்சுக்குரலின் கனம் அதிகம். ஆண்டர்சன் கடைசிவரை இந்தத் தடத்தை முழுவதும் மறைக்கவில்லை. நல்ல பதிவுகளில் அதையே ஒரு வர்ணமாகப் பயன்படுத்துகிறார். விமரிசகர்களில் சிலர் இதைக் குறையாகவே எழுதினார்கள்.

1924 ஏப்ரலில் நியூயார்க் டவுன் ஹாலில் ஒரு தனிக்கச்சேரி. அவர் வாழ்க்கையில் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தத் தோல்வியைத்தான். அரங்கில் கூட்டம் இல்லை. மறுநாள் விமரிசனங்கள் குரலைப் பாராட்டிவிட்டு, பிராம்ஸின் ஜெர்மன் பாடல்களை மனப்பாடம் செய்து ஒப்பித்ததுபோல் இருந்தது என்று எழுதின. அது உண்மைதான். ஜெர்மன் மொழி தெரியாமல், ஒலியைக் காதால் வாங்கி அப்படியே திருப்பிச் சொன்னார். கலைப்பாடலில் இது மறைக்க முடியாத குற்றம். ‘லீட்’ என்ற ஜெர்மன் வடிவத்தில் பாட்டின் வேலையில் பாதி கவிதையின் வேலை. எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்துவது, எந்த மெய்யெழுத்தை அழுத்துவது, வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும்போது அதுவரை இழுவிசையை எப்படிக் காப்பது என்பதெல்லாம் பொருள் தெரிந்தால்தான் வரும். பல மாதம் பாட்டையே விட்டுவிடலாமா என்ற நிலையில் இருந்தார். பிறகு எடுத்த முடிவு, மொழியைக் கற்பது.

1925-ல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் நடத்திய போட்டியில் சுமார் 300 பேரில் முதலாவதாக வந்து, ஆகஸ்ட் 26 அன்று லூயிசோன் ஸ்டேடியத்தில் அந்த வாத்தியக் குழுவோடு பாடினார். டோனிசெட்டியின் ‘லா ஃபவோரிட்டா’ ஓபராவிலிருந்து ‘ஓ மியோ ஃபெர்னாண்டோ’ என்ற உருப்படி. இப்படி ஒரு வெற்றி வெள்ளைப் பாடகிக்கு வந்திருந்தால் அடுத்த பருவத்திலேயே நாடு முழுக்கச் சுற்றுப்பயணம் அமைந்திருக்கும். இவருக்குப் பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. கச்சேரிகள் முன்போலவே கறுப்பினக் கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும்தான். டெனர் பாடகர் ரோலண்ட் ஹேய்ஸ் அதற்கு முன்பே ஒரு வழி காட்டியிருந்தார்: ஐரோப்பாவில் பெயர் வாங்கித் திரும்பி வந்தால் அமெரிக்க அரங்குகள் கதவைத் திறக்கின்றன. ஆண்டர்சனும் அந்த வழியில் போனார். முதலில் லண்டன். 1930-ல் ரோஸன்வால்ட் நிதியின் உதவித்தொகையோடு பெர்லின். ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி அன்றாடப் பேச்சிலேயே மொழியைக் கற்றார். அந்த ஊர் வழக்கப்படி கைக்காசு போட்டு அரங்கம் எடுத்து, பெர்லினில் ஒரு கச்சேரியும் கொடுத்தார்.

அங்கேதான் நார்வேயின் கச்சேரி ஏற்பாட்டாளர் ஒருவரும் ஃபின்லாந்துப் பியானோக் கலைஞர் கோஸ்டி வேஹானனும் வந்து கேட்டார்கள். ஆண்டர்சன் என்ற ஸ்காண்டிநேவியப் பெயரில் ஒரு கறுப்பினப் பாடகி என்பதே அந்த நாடுகளில் பேச்சாயிற்று. பெயரைக் கேட்டு வந்த கூட்டத்தைத் தக்கவைத்தது பாட்டுதான். ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் பாடல்களை அந்தந்த மொழியிலேயே கற்றுப் பாடினார். 1933, 1934 பருவத்தில் மட்டும் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு மேல் கச்சேரிகள். பத்திரிகைகள் இதற்கு ‘மரியன் காய்ச்சல்’ என்றே பெயர் வைத்தன. வேஹானன் அவரை ஃபின்லாந்தின் இசையமைப்பாளர் சிபேலியுஸின் வீட்டுக்கு அழைத்துப் போனார். அரைமணி நேரம், காபியோடு முடிகிற சந்திப்பு என்று ஏற்பாடு. பாடி முடித்ததும், என் வீட்டுக் கூரை உங்களுக்குப் போதாது என்ற பொருளில் சொல்லிவிட்டு, காபி வேண்டாம் ஷாம்பெய்ன் கொண்டு வா என்று மனைவியைக் கேட்டார் அந்தக் கிழவர். பின்னால் ஒரு பாடலையும் அவருக்கு அர்ப்பணித்தார்.

1935 ஆகஸ்ட், சால்ஸ்பர்க். விழா நிர்வாகம் அவரை அதிகாரபூர்வ நிகழ்ச்சியில் சேர்க்க மறுத்தது. விழாவுக்கு வெளியே தனியாகப் பாடினார். அதன்பின் ஓர் ஓட்டலில் ரசிகர் ஒருவர் ஏற்பாடு செய்த கச்சேரிக்கு வாத்தியக் குழு நடத்துநர் டோஸ்கானினி வந்திருந்தார். இப்படி ஒன்றைக் கேட்கும் பாக்கியம் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும் என்று இடைவேளையில் அவர் சொன்னது விளம்பர வாசகமாகிவிட்டது. ‘நூறாண்டுக்கு ஒருமுறை பிறக்கும் குரல்’ என்று நீங்கள் படிப்பதெல்லாம் விளம்பரத்தில் சுருங்கிய வடிவம். டோஸ்கானினி சொன்னது தான் கேட்ட பாட்டைப் பற்றி, மொழியும் பாவமும் சேர்ந்த அந்த நேரத்தைப் பற்றி. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குரல் பிறப்பிலேயே அமைந்தது. பாட்டு, 1924-க்குப் பிறகு பதினோரு வருடம் உழைத்து வாங்கியது.

சோவியத் பயணத்தில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி அவரிடம் தங்கி ‘கார்மென்’ ஓபராவின் நாயகி வேடத்தைத் தன்னிடம் கற்கச் சொன்னார். நடிப்புக் கலைக்கே இலக்கணம் எழுதியவர் தானாக வந்து கேட்கிறார். கச்சேரிகள் வரிசையாக இருந்ததால் பிறகு பார்க்கலாம் என்று ஆண்டர்சன் தள்ளிப் போட்டார். 1938-ல் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி இறந்துவிட்டார். போனது போனதுதான் என்று பிற்பாடு ஆண்டர்சனே வருந்தியிருக்கிறார். ஓபரா கேள்விக்கு இதுவும் பதிலின் ஒரு பகுதி. கதவுகள் மூடியிருந்தன என்பது பெரிய உண்மை. அந்தக் காரணத்தாலேயே அந்தப் பக்கம் தன்னைத் தயார்செய்துகொள்ளும் எண்ணமும் அவருக்குள் வளராமல் போனது. நடிக்கவே இடம் தராத மேடைக்காக யார் நடிப்பைக் கற்றுக்கொள்வார்கள்?

பாரிஸில் அவரைக் கேட்ட கச்சேரி ஏற்பாட்டாளர் சால் ஹியூராக் அமெரிக்க உரிமையை வாங்கினார். 1935 டிசம்பர் 30, அதே டவுன் ஹால். அட்லாண்டிக்கைக் கடந்து வரும்போது கப்பலில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார். நீண்ட கவுன் கட்டை மறைத்தது. ஒவ்வொரு பகுதிக்கும் திரையை மூடி, அவரைப் பியானோ அருகே நிற்கவைத்து, பிறகு திறந்தார்கள். பியானோவில் சாய்ந்தபடி முழுக் கச்சேரியும் பாடினார். முதல் உருப்படி ஹேண்டல். நீண்டு நிற்கும் ஒற்றை ஸ்வரங்களோடு தொடங்குவது அது. படபடப்பில் இருக்கும் எந்தப் பாடகியும் முதலில் தொடமாட்டார். மூச்சு கொஞ்சம் ஆடினாலும் அப்பட்டமாகத் தெரியும். அதைத் துணிந்து முதலில் வைத்தது, 1924-ல் இதே மேடையில் விழுந்ததற்கான பதில் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மறுநாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ இசை விமரிசகர் ஹோவர்ட் டாப்மன், நம் காலத்தின் மகத்தான பாடகர்களில் ஒருவர் தாய்நாடு திரும்பியிருக்கிறார் என்று எழுதினார். இருபது வருடம் கழித்து அவருடைய சுயசரிதையை எழுத உதவியவரும் இதே டாப்மன்தான்.

அவருடைய கச்சேரி எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பதிவுகளைக் கேட்பது எளிது. முதலில் ஹேண்டல் போன்ற பழைய இசை, குரலைச் சமனாக்க. அடுத்து ஷூபர்ட், பிராம்ஸ் என்று ஜெர்மன் தொகுப்பு. இடைவேளையை ஒட்டி ஓர் ஓபராப் பாட்டு. அதற்குப் பின் ஸ்காண்டிநேவிய அல்லது ஆங்கிலப் பாடல்கள். கடைசிப் பகுதி முழுக்க ஸ்பிரிச்சுவல்கள், அதாவது அடிமை வாழ்வில் பிறந்த பக்திப்பாடல்கள். கடைசியில் வைத்ததால் அவற்றை மங்களம் போல, துக்கடா போல நினைத்துவிடக் கூடாது. ஷூபர்ட்டுக்கு எவ்வளவு ஒத்திகையோ அவ்வளவு இவற்றுக்கும். பல பாடல்கள் ஹாரி பர்லி அமைத்த பியானோ வடிவங்கள். பர்லி, செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் நியூயார்க்கில் இசைப்பள்ளிக்குத் தலைவராக இருந்தபோது அங்கே மாணவர். தாத்தாவிடம் கேட்ட பாடல்களை ட்வோர்ஷாக்குக்குப் பாடிக் காட்டியவர். கண்ணை மூடிக்கொண்டு, கையை அசைக்காமல் நின்றே பாடுவார் ஆண்டர்சன். பக்கவாத்தியம் 1930-களில் வேஹானன், 1940-லிருந்து 1965 வரை ஃபிரான்ஸ் ரூப். வயலின் மேதை கிரைஸ்லரோடு பீத்தோவனின் வயலின் சொனாட்டாக்கள் முழுவதையும் பதிவு செய்தவர் ரூப். மனைவி யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டு வந்தவர்.

அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடுவது இசை வேலை மட்டுமாக இருக்கவில்லை. எந்த ஓட்டல் இடம் தரும், எந்த ரயில் பெட்டியில் ஏறலாம் என்பதை ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். 1937-ல் பிரின்ஸ்டனில் கச்சேரி. ஊரின் விடுதி அறை தர மறுத்தது. ஐன்ஸ்டைன் தன் வீட்டில் தங்கவைத்தார். அந்த நட்பு ஐன்ஸ்டைன் இறக்கும்வரை நீடித்தது. தென் மாநிலங்களில் அரங்க இருக்கைகளே நிறவாரியாகப் பிரிந்திருக்கும். வழக்கமாகக் கறுப்பினத்தவருக்கு மாடியின் கடைசி வரிசைகள். ஆண்டர்சன் வைத்த நிபந்தனை, அரங்கை நெடுக்காகப் பிரிக்க வேண்டும் என்பது: முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை எல்லா விலையிலும் கறுப்பினத்தவருக்கும் இடம் இருக்க வேண்டும். மேடையில் முதல் வணக்கத்தை அந்தப் பக்கம் பார்த்துத்தான் வைப்பார்.

இது போதாது என்றவர்களும் இருந்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நெடுக்காகப் பிரித்தாலும் பிரிவினை பிரிவினைதான். 1951 தொடக்கத்தில் ரிச்மண்டில் கறுப்பினத்தவர் உரிமைக்குப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பே அவர் கச்சேரியைப் புறக்கணித்தது. அதே அமைப்பு 1939-ல் அவருக்காக முன்னின்றது, அதே ஊரில் வைத்து ஸ்பிங்கார்ன் பதக்கமும் கொடுத்தது. அந்த அடி அவருக்கு எப்படி வலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் பாடுவதை நிறுத்தினார். 1952-ல் ஃபுளோரிடாவில் கலந்து உட்கார்ந்த கூட்டத்துக்குப் பாடினார். சில வாழ்க்கைக் குறிப்புகள் இந்தப் புறக்கணிப்பைத் தாண்டிப் போய்விடுகின்றன. அப்படிச் செய்தால் அவர் எப்போதும் ஒரே நிலையில் நின்றதாகத் தோன்றும். அவர் நிலைப்பாடு படிப்படியாக இறுகியது என்பதே சரி.

இனி 1939. வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அவர் கச்சேரியை நடத்தி வந்தது. கூட்டம் பெருகியதால் ஏப்ரல் 9-க்கு கான்ஸ்டிட்யூஷன் ஹாலைக் கேட்டார்கள். அது ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்’ என்ற அமைப்புக்குச் சொந்தம். அரங்க ஒப்பந்தத்தில் வெள்ளைக் கலைஞர்கள் மட்டும் என்று அப்போது ஒரு விதி இருந்தது. அந்தத் தேதி ஏற்கனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று முதலில் பதில் வந்தது. வேறு தேதி கேட்டும் கிடைக்காதபோதுதான் உண்மைக் காரணம் வெளிப்பட்டது. வெள்ளை மாணவர்களுக்கான சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் அரங்கைக் கேட்டார்கள். கல்வி வாரியம் மறுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும், இந்த ஒருமுறை மட்டும், இதை முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு தருகிறோம் என்றது. அந்த நிபந்தனையை ஏற்பாட்டாளர்கள் ஏற்கவில்லை. பிப்ரவரி கடைசியில் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் ‘புதல்விகள்’ அமைப்பிலிருந்து விலகி, மறுநாள் தன் பத்திரிகைப் பத்தியில் அமைப்பின் பெயரைச் சொல்லாமலே எழுதினார்.

லிங்கன் நினைவிடத்தை ஏற்பாடு செய்தவர் எலினார் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அதற்கு நடந்தவர்கள் என்.ஏ.ஏ.சி.பி.யின் வால்டர் ஒயிட், ஹியூராக், அனுமதி தந்த உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கிஸ். எலினார் அன்று மேடையில் இல்லை. ஆண்டர்சனுக்கோ இது உவப்பான காரியமாக இருக்கவில்லை. முந்தைய இரவு ஹியூராக்கைத் தொலைபேசியில் அழைத்து, கட்டாயம் பாடித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். ஈஸ்டர் ஞாயிறு, குளிர், உரோம மேலங்கி. எதிரே 75,000 பேர், வானொலி நேரடி ஒலிபரப்பு. மொத்தப் பாட்டு அரைமணி நேரத்துக்குள்தான். ‘அமெரிக்கா’ என்ற தேசபக்திப் பாடல், 1925-ல் போட்டியை வென்று தந்த அதே ‘ஓ மியோ ஃபெர்னாண்டோ’, ஷூபர்ட்டின் ‘ஆவே மரியா’, இடைவேளைக்குப் பின் மூன்று ஸ்பிரிச்சுவல்கள், கூட்டம் விடாததால் கடைசியில் இன்னொன்று. வழக்கமான கச்சேரியைச் சுருக்கினால் வரும் வடிவம்தான் அது. திறந்தவெளியில், தன் குரல் தனக்கே திரும்பி வராத இடத்தில், குளிர்ந்த காற்றில் ‘ஆவே மரியா’வின் நீண்ட வரிகளைப் பிடிப்பது என்ன கஷ்டம் என்பதைப் பாடுபவர்கள் அறிவார்கள். 1943 ஜனவரி 7 அன்று அதே கான்ஸ்டிட்யூஷன் ஹாலில், சீன நிவாரண நிதிக்காக, கலந்து உட்கார்ந்த கூட்டத்துக்கு முன் பாடினார்.

அதற்குச் சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1955 ஜனவரி 7, மெட்ரோபாலிட்டன் ஓபரா. வெர்டியின் ‘உன் பல்லோ இன் மாஸ்கெரா’வில் உல்ரிகா என்ற குறிகாரி. நிர்வாகி ருடால்ஃப் பிங் முந்தைய செப்டம்பரில் ஒரு விருந்தில் கேட்டார். வாத்தியக் குழு நடத்துநர் மித்ரோபூலஸ் முன்னால் பாடிப் பார்த்தபோது மேலே ஓர் உச்ச ஸ்வரம் அவர் எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. இன்னும் உழைத்தால் வந்துவிடும் என்றார் மித்ரோபூலஸ். உல்ரிகா ஒரே ஒரு காட்சியில்தான் வருகிறாள். ஆனால் அந்தக் காட்சி கீழ் ஸ்தாயியின் அடிமட்டத்தையும் மேலே உச்சத்தையும் கேட்கும், நடுவில் இளைப்பாற இடமில்லை. அசல் வரிகளில் ஒரு நீதிபதி உல்ரிகாவைக் கறுப்பினத்தவரின் அசுத்த ரத்தம் என்று குறிப்பிடுகிறார். கதை பாஸ்டனில் நடப்பதாக மாற்றப்பட்டபோது வந்த வரி. வரலாறு படைக்க அழைத்தபோது இந்தப் பாத்திரத்துக்குத்தான் அழைத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. திரை உயர்ந்ததும் அவர் வாய் திறக்கும் முன்பே கைத்தட்டல் தொடங்கிவிட்டது. அந்த உணர்ச்சியில் உடல் நடுங்கி, முதல் பகுதியில் அளவுக்கு மீறி அழுத்திவிட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். பதிவைக் கேட்டால் குரல் தளர்ந்திருப்பது தெரியும்: நிற்கும் ஸ்வரத்தில் ஆட்டம் பெரிதாகியிருக்கிறது, மேலே இழுபறி. 1935-ல் இதே வேடம் கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் இல்லாமல் என்னால் அதைக் கேட்க முடிவதில்லை.

ஒரு திருத்தம். அமெரிக்க ஓபராவில் பாடிய முதல் கறுப்பினப் பாடகி அவர் அல்ல. நியூயார்க்கில் 1933-லேயே கேட்டரீனா ஜார்போரோ ‘ஐடா’ பாடினார். நியூயார்க் சிட்டி ஓபராவில் 1945-ல் டாட் டங்கனும் 1946-ல் கமிலா வில்லியம்ஸும் பாடிவிட்டார்கள். மெட்ரோபாலிட்டனில் முக்கிய வேடத்தில் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் ஆண்டர்சன் என்பதே சரி. அதே மாதம் 27-ம் தேதி ராபர்ட் மெக்ஃபெரின் அங்கே பாடினார். ஆறு வருடம் கழித்து வந்த லியன்டைன் பிரைஸ், ஒன்பது வயதில் மிசிசிப்பியில் ஆண்டர்சன் கச்சேரியைக் கேட்டுத்தான் பாடகியாக முடிவெடுத்தவர்.

கமிலா வில்லியம்ஸ் பெயரை நினைவில் வையுங்கள். 1941-ல் ஃபிலடெல்ஃபியா நகரம் கொடுத்த பாக் விருதின் 10,000 டாலரை ஆண்டர்சன் இளம் பாடகர்களுக்கான உதவித்தொகையாக்கினார். அதைத் தொடக்கத்திலேயே வென்றவர்களில் ஒருவர் கமிலா. 1963 ஆகஸ்ட் 28, கறுப்பினத்தவர் உரிமைக்கான வாஷிங்டன் பேரணியில் தேசிய கீதம் பாட வேண்டியவர் ஆண்டர்சன். கூட்ட நெரிசலில் சிக்கிக் குறித்த நேரத்துக்கு மேடைக்கு வர முடியவில்லை. அந்த இடத்தில் பாடியவர் கமிலா வில்லியம்ஸ். ஆண்டர்சன் பிறகு வந்து ஒரு ஸ்பிரிச்சுவல் பாடினார்.

1957-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை சார்பில் ஆசியாவில் 12 வாரச் சுற்றுப்பயணம், சுமார் 35,000 மைல். டெல்லியில் காந்தி நினைவிடத்தில் ‘லீட், கைண்ட்லி லைட்’ பாடினார். காந்திக்கு மிகப் பிடித்த கிறிஸ்தவப் பாடல் அது. லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்களைத் தடுத்த விவகாரம் அப்போது கொதித்துக்கொண்டிருந்ததால், போன இடமெல்லாம் அதைப் பற்றிக் கேட்டார்கள். விடைபெறும் சுற்றுப்பயணத்தை 1964 அக்டோபரில் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் தொடங்கி, 1965 ஏப்ரல் 18, ஈஸ்டர் அன்று கார்னெகி ஹாலில் முடித்தார். 1993 ஏப்ரல் 8, ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில், வாத்தியக் குழு நடத்துநராக இருந்த சகோதரி மகன் ஜேம்ஸ் டிப்ரீஸ்ட் வீட்டில் காலமானார். வயது 96.

கேட்பதற்கு எங்கே தொடங்கலாம்? 1930-களின் நடுவிலிருந்து 1940-களின் நடுவரை உள்ளவற்றையே முதலில் எடுங்கள். ஒரே பெயரில் மூன்று நான்கு பதிவுகள் இருக்கும். வருடத்தைப் பார்க்காமல் கேட்பவர்கள் 1950-களின் பதிவில் மாட்டிக்கொண்டு, இவ்வளவுதானா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1948-ல் உணவுக்குழாயில் ஒரு கட்டிக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. அதற்குப் பிந்தைய ஸ்பிரிச்சுவல் பதிவுகளில் பாவம் குறையவில்லை. ஷூபர்ட்டுக்கு மட்டும் முந்தையவற்றுக்குப் போங்கள்.

முதலாவது, ஷூபர்ட்டின் ‘மரணமும் கன்னியும்’. மூன்று நிமிடத்துக்குள் முடியும். பியானோ மெதுவாக, டி மைனர் என்ற ஸ்வர அமைப்பில், நடந்து வரும். கன்னி பதறி, போய்விடு என்கிறாள்; குரல் மேலேறி மூச்சிரைக்கிறது. அடுத்து மரணம் பேசுகிறது, ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில். இங்கே ஆண்டர்சன் குரலின் நடுக்கத்தை முழுவதும் எடுத்துவிடுகிறார். ஆணா பெண்ணா என்று தெரியாத, தட்டையான, குளிர்ந்த ஒலி. கடைசிச் சொல்லுக்கு மேல் ஸ்வரம், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொன்று என்று இரண்டில் எதையும் பாடலாம். பெரும்பாலான பெண்கள் மேலேதான் முடிப்பார்கள். அவர் கீழே இறங்குகிறார், இறங்கி அங்கேயே நிற்கிறார்.

அடுத்து ஷூபர்ட்டின் ‘எர்ல்கோனிக்’. கதைசொல்லி, அப்பா, காய்ச்சலில் கிடக்கும் பையன், அவனை அழைக்கும் மாயாவி என்று நான்கு குரல்கள். பையன் மூன்று முறை கத்துகிறான், ஒவ்வொரு முறையும் ஸ்வரம் ஒரு படி உயரும். மாயாவியின் வரிகளைத்தான் கவனியுங்கள். மிரட்டாமல் கொஞ்சிப் பாடுகிறார், பயம் அங்கிருந்துதான் வருகிறது. மூன்றாவது, பிராம்ஸின் ‘ஆல்டோ ராப்ஸடி’. கான்ட்ரால்டோவுக்கு எழுதப்பட்டவற்றில் சிகரம் இதுதான் என்பேன். அவர் இதை மூன்று நடத்துநர்களோடு மூன்று முறை பதிவு செய்தார்: 1939-ல் ஆர்மண்டியோடு, 1945-ல் மோன்டூவோடு, 1950-ல் ரைனரோடு. என் தேர்வு மோன்டூ. முதல் பத்து நிமிடம் தனிக்குரல் இருட்டில் தேடுவது போலப் போகும். கடைசியில் ஆண்கள் கோரஸ் சேர்ந்து சி மேஜருக்குத் திரும்பும்போது அவர் குரல் அந்தக் கோரஸுக்கு மேலே மிதக்காமல் அதற்குள்ளேயே கலந்து தாங்கும்.

அதன்பின் ‘குரூசிஃபிக்ஷன்’ என்ற ஸ்பிரிச்சுவல். ‘மரணமும் கன்னியும்’ கேட்ட உடனே கேளுங்கள். அதே நடுக்கமில்லாத கீழ்க்குரலை இங்கே எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது புரியும். ஆர்.சி.ஏ. விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பாடிய எல்லாவற்றையும் சோனி நிறுவனம் 2021-ல் 15 சிடி தொகுப்பாக வெளியிட்டது. அங்குமிங்கும் தேடாமல் வருட வரிசையில் கேட்க அதுதான் வசதி. பயணக் குறிப்புகள், கச்சேரி நிகழ்ச்சி நிரல்கள், கடிதங்கள் எல்லாம் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரல்களில் எந்த ஊரில் எதை எந்த வரிசையில் பாடினார் என்று பார்த்து, அதே வரிசையில் பதிவுகளை அடுக்கிக் கேட்கலாம்.